பஸ்ஸைத் தவிர வேறு குறையில்லை

ஞானம்பாள் வண்ணார்பேட்டையில் இறங்க மாட்டாள். கிளினிக் அங்கேதான் இருந்தது. ஆனாலும் ஜங்ஷன் வரை போய், பஸ் காலியான பிறகு இறங்கி, ஆற்றுப் பாலத்தின் மேல் திரும்பி நடந்து வருவாள். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து கூட வந்தவர்கள் அவள் எங்கே இறங்குகிறாள் என்று பார்த்து வைத்துக்கொள்ளக் கூடாது.

ஊரில் வயிற்றுப் புண் என்று சொல்லியிருந்தாள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை திருநெல்வேலிக்குப் போய் மாத்திரை வாங்கி வர வேண்டும் என்றால் யாரும் மேலே கேட்கவில்லை. சனிக்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது. சத்துணவும் கிடையாது.

அவள் ஊர் தென்கால்புதூர். ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து வரும் வாய்க்கால் ஓரத்தில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்தது. அங்கே நடுநிலைப் பள்ளியில் சத்துணவு சமைப்பது அவள் வேலை. கணவன் செண்பகராமன் பம்பாயில் பாத்திரக் கடை ஒன்றில் இருந்தவன். ஒரு வருஷம் மெலிந்து திரும்பி வந்தான். மஞ்சள் காமாலை என்று ஊருக்குச் சொன்னார்கள். அவன் போன பிறகு, விதவை என்று இந்த வேலையைக் கொடுத்தார்கள். வேலையில் சேர்ந்த மறு வருஷம் அவளுக்கும் காய்ச்சல் வந்தது. விட்டு விட்டு வந்தது. திருநெல்வேலியில் ரத்தம் பார்த்தார்கள். மகள் விஜயஸ்ரீக்கும் பார்த்தார்கள். மகளுக்கு இல்லை.

அன்றைக்கு அவள் டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நான் பிள்ளைகளுக்குச் சோறு பொங்குதேன். பொங்கலாமா?"

"தாராளமாப் பொங்கலாம். சோத்துல, தண்ணில, தொடுததுல இது வராது."

அவள் நம்பினாள். வீட்டுக்கு வந்து ஒருமுறை யோசித்துப் பார்த்து மறுபடியும் நம்பினாள். ஊர் நம்பாது என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்தால் மறுநாள் அந்தச் சமையல்கூடத்துக்குள் அவளால் கால் வைக்க முடியாது. விஜயஸ்ரீ எட்டாம் வகுப்பு, அதே பள்ளிக்கூடம். அவளுக்கும் மத்தியானச் சோறு அங்கேதான்.

நோயை நிறுத்துகிற மருந்து கிளினிக்கில் இல்லை. அந்தத் தொண்ணூறுகளில் எந்த அரசாங்க ஆஸ்பத்திரியிலும் இல்லை. காய்ச்சலுக்கு, வாய்ப் புண்ணுக்கு, பேதிக்கு மாத்திரை கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டால் சமைக்க நிற்க முடிந்தது.

கிளினிக் வாசலில் இரண்டு பெஞ்சுகள். சுவரை ஒட்டிய நீளமான பெஞ்சு தோல் வியாதிக்காரர்களுக்கு. சைக்கிள் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் கிடந்த குட்டைப் பெஞ்சு ஞானம்பாள் போன்றவர்களுக்கு. யாரும் அப்படி எழுதிப் போடவில்லை. அட்டெண்டர் வேதநாயகம், "அந்தப் பெஞ்சு ஆளுக வரலாம்" என்று கூப்பிடுவார். அதிலேயே எல்லாம் இருந்தது.

அந்தப் பெஞ்சில் அவளுக்குத் தெரிந்தவர் நூகு. காயல்பட்டினத்துக்காரர். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய், அங்கே ரத்தம் பார்த்துத் திருப்பி அனுப்பப்பட்டவர். சட்டைக் காலர் கழுத்தில் ஒட்டாமல் வளையம் மாதிரி நிற்கும். பேச்சு மட்டும் மெலியவில்லை.

"எங்க ஊர்லயும் ஆஸ்பத்திரி உண்டு தங்கச்சி" என்பார். "காலையில போனா மருந்து கெடைக்கும். சாயங்காலம் அஸர் தொழுகைக்குள்ள ஊர் பூரா நம்மளப் பத்தி பயான் நடக்கும்."

"மெதுவாப் பேசுங்கண்ணே."

"இங்கன யாரு கேக்கா? இந்தா இருக்காரே, மில்லுக்காரரு, விக்கிரமசிங்கபுரம். பக்கத்துல அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரிய விட்டுட்டு இங்கன வாராரு. நான் காயலவிட்டு வாரேன். இந்தத் திருநவேலிக்காரங்க யாராச்சும் பெஞ்சுல இருக்காங்களா பாருங்க. ஒருத்தன் கெடையாது. எல்லாவனும் நாகர்கோவிலுக்குப் போயிட்டான். நாகர்கோவில்காரன் மதுரைக்குப் போறான். நோவால பொழைக்கது பஸ்காரன் ஒருத்தன்தான்."

மில்லுக்காரர் சிரித்தார். ஞானம்பாளுக்கும் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

ஆவணி மாதம் ஒரு சனிக்கிழமை கிளினிக்கில் புதிதாக ஒரு பெண் இருந்தாள். பெயர் கெசியா. விலங்கியல் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவளை, நோயாளிகளுக்குத் திருப்தியா என்று கேட்டு எழுத டாக்டர் சேர்த்திருந்தார். டாக்டர் குமரகுருபரனும் அங்கே புதிதுதான். வந்த கையோடு சுவருக்கு வெள்ளை அடிக்க வைத்தார். தண்ணீர்ப் பானை வைத்தார். ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிற மனிதர்.

கெசியா ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, மருந்தறை வாசலில் போட்ட நாற்காலியில் உட்கார வைத்தாள். அறைக்கதவு திறந்திருந்தது. உள்ளே சிஸ்டர் பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்க பேரு வேண்டாம்க்கா. ஊரு மட்டும் போதும்."

"பேரு வேணும்னா எழுதிக்கோ தாயி. ஊருதான் வேண்டாம்."

அந்தப் பெண் என்ன செய்வதென்று தெரியாமல் பேனாவைப் பார்த்தாள். பிறகு தாலுகாவை மட்டும் எழுதினாள்.

"டாக்டர் மரியாதையா பேசுதாங்களா?"

"பேசுதாக."

"சிஸ்டர்?"

உள்ளே பஞ்சு உருட்டுகிற கை நின்றது. போன மாதம் ஞானம்பாளின் காலில் ஒரு கொப்புளம் உடைந்திருந்தது. சிஸ்டர் பஞ்சையும் மருந்தையும் மேசை ஓரத்தில் வைத்து, அவளையே கட்டிக்கொள்ளச் சொன்னாள். குனியும்போது தலை சுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு கட்டினாள். அது பெரிதில்லை. சிஸ்டருக்குக் கோபம் வந்தால் குரல் வாசல் வரை கேட்கும். அந்தக் குரல்தான் பயம்.

"தங்கமான மனுஷி" என்றாள்.

பஞ்சு மறுபடியும் உருண்டது.

"மருந்து ஒழுங்கா கெடைக்குதா?"

"கெடைக்கு."

"ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டியிருக்கா?"

"இருந்தா என்ன? எங்களுக்கு வேற என்ன சோலி."

"குறை ஏதாச்சும்?"

"ஒண்ணுமில்ல தாயி."

கெசியா எழுதவில்லை. குனிந்தபடியே, சிஸ்டருக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"காலையிலேருந்து எல்லாரும் இப்படியே சொல்லுதாங்கக்கா. நான் வீட்டுல உக்காந்து நானே எழுதிட்டேன்னு டாக்டர் நெனைப்பாங்க. எனக்கு இதான் மொத வேலை. சின்னதா ஒரு குறை சொல்லுங்களேன்."

அவள் காதோரத்தில் வியர்வை வழிந்தது. கழுத்து ஒடிசலாக, விஜயஸ்ரீயின் கழுத்து மாதிரி இருந்தது. ஞானம்பாளுக்குப் பாவமாகிவிட்டது. யாருக்கும் கெடுதல் வராத ஒரு குறையைத் தேடினாள்.

"பஸ்ஸுன்னு எழுதிக்கோ. ரெண்டு பஸ் மாறி வர வேண்டியிருக்கு. அலைச்சல்."

கெசியாவின் முகம் தெளிந்தது. வேகமாக எழுதினாள்.

ஞானம்பாள் பெஞ்சுக்குத் திரும்பியதும் நூகு கேட்டார்.

"என்ன குறை சொன்னிய?"

"பஸ்ஸச் சொன்னேன்."

அவர் சிரிக்க ஆரம்பித்து இருமலில் போய் முடித்தார். "நானும் அதத்தான் சொன்னேன். மில்லுக்காரரும் அதத்தானாம். பாவம் பஸ்ஸு. அதுக்குத்தான் வாய் இல்ல."

ஐப்பசி மழை விட்ட ஒரு சனிக்கிழமை. வேதநாயகம் யாரையும் கூப்பிடவில்லை. டாக்டர் தானே வெளியே வந்தார். குட்டைப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். அந்தப் பெஞ்சில் அதுவரை எந்த டாக்டரும் உட்கார்ந்ததில்லை. ஞானம்பாள் எழுந்து நின்றாள். "உக்காருங்கம்மா" என்றார். அவருடைய கால்சட்டை ஈரப் பலகையில் நனைந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"உங்க எல்லாருக்கும் ஒரு நல்ல செய்தி. நீங்க சொன்னதை எல்லாம் படிச்சுப் பார்த்தேன். எங்க மேல குறையே சொல்லல. அது உங்க பெருந்தன்மை. ஆனா எல்லாருமா ஒண்ணே ஒண்ணு சொல்லியிருக்கீங்க. பஸ். இந்த உடம்பை வச்சுக்கிட்டு இவ்வளவு தூரம் வாரீங்க. எனக்கு மனசு கேக்கல."

அவர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துச் சொன்னார்.

"ரெண்டு மாசமா அலைஞ்சு, மேல பேசி, அனுமதி வாங்கிட்டேன். இனிமே நீங்க யாரும் இங்க வர வேண்டாம். பதிவேட்டுல உங்க ஊரு, வேலையெல்லாம் இருக்கு. உங்க மாத்திரை உங்க ஊர் சுகாதார நிலையத்துக்கே வந்துரும். நடந்து போய் வாங்கிக்கலாம்."

வாசலில் ஒரு சைக்கிள் சரிந்து விழுந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

முதலில் நூகுதான் பேசினார். "ஐயா, நாங்க இங்கனயே வந்துட்டுப் போறோமே. பஸ்ஸெல்லாம் இப்ப நல்லா வருது. புதுசாக்கூட ரெண்டு விட்டிருக்கான். சீட்டு எல்லாம் மெத்து மெத்துன்னு இருக்கு."

டாக்டர் சிரித்து அவர் தோளில் தட்டினார். "எனக்குச் சிரமம் வேண்டாம்னு பார்க்கீங்க. எனக்கு ஒரு சிரமமும் இல்ல."

ஞானம்பாள் அறைக்குள் தனியாகப் போய்க் கேட்டாள். தனி என்று சொல்ல முடியாது. சிஸ்டர் இருந்தாள். வேதநாயகம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டாக்டரையா, அங்கன வேண்டாம். நான் இங்கனயே வாரேன்."

"ஏம்மா?"

தென்கால்புதூர் சுகாதார நிலையம் பள்ளிக்கூடத்துக்கு எதிர்ச் சுவர். அங்கே மருந்து கொடுப்பவரின் மகன் மூன்றாம் வகுப்பு. அவள் கையால் தினம் சாப்பிடுகிறவன். நர்ஸம்மா கீரை ஆய அவளிடம் வந்து உட்கார்ந்து பேசுகிறவள். இதையெல்லாம் திறந்த கதவுக்கு முன்னால் எப்படிச் சொல்வது?

"பஸ்ஸு ஒண்ணும் கஷ்டமில்ல" என்றாள்.

"நீங்கதானம்மா சொன்னீங்க?"

"ஆமா. சொன்னேன்."

"உங்க பேரை நான் அங்க யார்ட்டயும் சொல்லல. பயப்படாதீங்க. இந்தச் சீட்டைக் காட்டினாப் போதும். நல்லாப் பார்ப்பாங்க. நான் பேசியிருக்கேன்."

அவள் சீட்டை வாங்கிக்கொண்டாள்.

வாசலில் கெசியா நின்றிருந்தாள். தலை நிறைய பிச்சிப்பூ. தான் எழுதியதால் ஒரு நல்லது நடந்ததென்ற சந்தோஷம் முகத்தில் இருந்தது.

"அக்கா, இனிமே அலைச்சல் இல்லல்லா?"

ஞானம்பாள் அவளைக் கொஞ்சம் தள்ளி, ஆற்றுப் பக்கம் கூட்டிப் போனாள்.

"ஏ தாயி, ஊர்ல ஆஸ்பத்திரி இல்லாமலா நாங்க இங்கன வாரோம்? தூரமா இருக்குன்னுதான் வாரோம். ஊர்ல தெரிஞ்சா என்னச் சமைக்க விடுவாகளா?"

அந்தப் பெண் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கண் கலங்கியது.

"நான் டாக்டர்ட்ட சொல்லுதேன்க்கா."

"சொல்லு. எம்பேரச் சொல்லாத."

கெசியா திரும்பி நடந்தாள். அறை வாசலில் நின்றாள். உள்ளே டாக்டர் யாரிடமோ உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார். அவள் ஒரு காலை எடுத்து உள்ளே வைத்ததையும், பிறகு பின்னால் எடுத்துக்கொண்டதையும் ஞானம்பாள் பார்த்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

பெஞ்சில் நூகு சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். "சரி தங்கச்சி. இனி யாரு மொகத்த யாரு பாக்கப் போறோம். உடம்பப் பாத்துக்கிடுங்க. நான் துஆ செய்யுதேன்" என்றார். வேறு வேடிக்கை எதுவும் சொல்லவில்லை.

அவள் சுகாதார நிலையத்துக்குப் போகவில்லை. சீட்டை அடுப்பில் போட்டாள். இருந்த மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டாள். அதுவும் தீர்ந்த பிறகு ஒரு சனிக்கிழமை வழக்கம்போல ஜங்ஷனில் இறங்கி, பாலம் கடந்து கிளினிக்குக்குப் போனாள். டாக்டர் முகாமுக்குப் போயிருந்தார். கெசியாவும் கூடப் போயிருந்தாள். குட்டைப் பெஞ்சில் முன்பின் தெரியாதவர்கள் இருந்தார்கள்.

"உங்களத்தான் ஊருக்கு மாத்தியாச்சேம்மா" என்றார் வேதநாயகம். கோபமாகச் சொல்லவில்லை. "இங்கன உங்களுக்கு மாத்திரை வாரதில்ல. நான் எடுத்துக் கொடுத்தா என் வேலை போயிரும். அந்தக் காயல் பாயும் வந்து சத்தம் போட்டுட்டுத்தான் போனாரு. நாகர்கோவிலுக்குப் போறேன்னாரு. போய்ச் சேந்தாரோ என்னமோ."

அவளும் நாகர்கோவிலை யோசித்தாள். அடுத்த மாதம் போகலாம் என்று நினைத்தாள். அதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. நாக்கிலும் உள் கன்னத்திலும் வெள்ளையாகப் படர்ந்து, எச்சில் விழுங்க முடியவில்லை. அண்டாவை இறக்க ஆவுடையம்மாளைக் கூப்பிட வேண்டியிருந்தது. ஆவுடையம்மாள் பாத்திரம் தேய்க்கிற, பரிமாறுகிற ஆயா.

"என்ன மதினி, இப்படி உருகிட்டிய? வயித்துப் புண்ணுக்கு மணத்தக்காளி சாப்பிடுங்கன்னா கேக்க மாட்டேங்கிய."

"சாப்பிடுதேன்."

"நீங்க உக்காருங்க. நான் கிண்டுதேன். ஒங்க கைப்பக்குவம் வராது. பிள்ளைக மொகத்தச் சுளிக்கும். சுளிச்சா சுளிக்கட்டும், ஒரு நாளைக்கு."

இருவரும் சிரித்தார்கள்.

தை மாதம், அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது ஜீப் வந்தது.

மத்தியானம். பிள்ளைகள் தட்டுகளோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். சமையல்கூடத்துக்கு நேர் எதிரில் ஜீப் நின்றது. வெள்ளை ஜீப். பக்கவாட்டில் சிவப்பில் ஒரு மண்டையோடு. அதற்குக் கீழே பெரிய எழுத்துகள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த வருஷம்தான் கூட்டி வாசிக்க வந்திருந்தது. பஸ், சுவர், சாக்குப்பை எதில் எழுத்தைப் பார்த்தாலும் சத்தமாக வாசிப்பார்கள். சார் அப்படிப் பழக்கியிருந்தார். அவர்கள் ஒரே குரலில் வாசித்தார்கள்.

"எ... ய்... ட்... ஸ். எய்ட்ஸ். த... டு... ப்... பு. தடுப்பு."

மருந்து கொடுப்பவரின் மகன்தான் முதலில் வாசித்து முடித்தான். முடித்துவிட்டுப் பெருமையாகச் சாரைப் பார்த்தான்.

டாக்டர் குமரகுருபரன் முன்பக்கத்திலிருந்து இறங்கினார். தலைமையாசிரியர் சிவசங்கரன் எழுந்து வந்தார். டாக்டர் அவரிடம் தாழ்ந்த குரலில்தான் பேசினார். "ஞானம்பாள்னு ஒரு அம்மா. உடம்பு சரியில்லைன்னு தெரிஞ்சுது. ஒரு வார்த்தை பார்த்துட்டுப் போயிருதேன்." நோயின் பெயரைச் சொல்லவில்லை. கடைசி வரை சொல்லவில்லை. அது ஜீப்பில் எழுதியிருந்தது.

எல்லாருடைய பார்வையும் சமையல்கூடத்துப் பக்கம் திரும்பியது. ஞானம்பாள் கையில் சாம்பார் வாளியோடு நின்றாள்.

டாக்டர் அவளைக் கூடத்துக்குப் பின்னால், விறகு அடுக்கியிருந்த இடத்துக்குக் கூட்டிப் போனார். அவள் கையைப் பிடித்து நாடி பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"ஏம்மா இப்படி விட்டுட்டீங்க? சுகாதார நிலையத்துல கேட்டேன். மாத்திரை வந்து அப்படியே இருக்கு, யாரும் வரலைன்னாங்க. ஒரு ஊர்லயும் யாரும் வரல. ஒரு அம்பது அடி நடந்து போக முடியாதா? அங்க யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா? சொல்லுங்க, நான் கேக்குதேன். உங்களுக்கு மாத்திரை நானே கொண்டுவந்திருக்கேன்."

தூரத்தில் பிள்ளைகள் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது பின்பக்க எழுத்துகள்.

"ஐயா, நீங்க வந்த வண்டியப் பாத்தியளா?"

அவர் திரும்பிப் பார்த்தார். அந்த ஜீப்பில்தான் அவர் தினமும் போகிறார், வருகிறார். இப்போதுதான் முதல் தடவை பார்ப்பதுபோல மேலிருந்து கீழாக வாசித்தார். கையிலிருந்த மாத்திரைப் பொட்டலம் கசங்கியது.

"நான் யோசிக்கலம்மா" என்றார். பொட்டலத்தை நீவி அவள் கையில் வைத்தார்.

கெசியா ஜீப்பின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் தலைமையாசிரியரிடம் விடை பெறும் நேரத்தில் இறங்கி ஓடி வந்தாள்.

"வாய்க்கால் பாலத்துக்கிட்ட தள்ளி நிறுத்துங்கன்னு டிரைவர்ட்ட சொன்னேன்க்கா. டாக்டரையா வெயில்ல நடக்கணுமாக்கும்னு கேட்டாரு. அதுக்கு மேல எனக்குப் பேச வரலக்கா."

ஞானம்பாள் அவளைப் பார்த்தாள். திட்ட வேண்டும் என்று தோன்றவில்லை. "போ தாயி. ஒன்னையும் பாக்காக" என்றாள்.

பாதை குறுகல். ஜீப்பைத் திருப்ப நேரம் பிடித்தது. முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடியும் முன்னால் போய்த் திரும்பியது. அறுப்பு வயலிலிருந்து ஆட்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எல்லாப் பக்கமும் எழுதியிருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் விஜயஸ்ரீ பாடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வாசிக்காமல் இருந்தாள்.

"எம்மா, ஒனக்கு என்ன சீக்கு?"

"வயித்துப் புண்ணு."

"ஜீப்புல வேற போட்டிருந்துச்சு."

ஞானம்பாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"அப்பாவுக்கும் அதானா?"

"ஆமா."

"எனக்கு?"

"ஒனக்கு இல்ல. பாத்தாச்சு. ஒனக்கு இல்லட்டி."

விஜயஸ்ரீ புத்தகத்தை மூடினாள். பிறகு எழுந்து வந்து முறத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு கல் பொறுக்க ஆரம்பித்தாள். விளக்கு மங்கலாக இருந்தது. அவள் நன்றாகக் குனிந்து பொறுக்கினாள்.

மறுநாள் காலையில் ஞானம்பாள் வழக்கமான நேரத்துக்குச் சமையல்கூடத்தைத் திறந்தாள். யாரும் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்கிறவரை சமைப்பது என்று முடிவு செய்திருந்தாள். ஆவுடையம்மாள் தாமதமாக வந்து வாசலுக்கு வெளியே நின்றாள்.

"மதினி, எம்மவ மாசமா இருக்கா, தெரியும்லா. வீட்டுல சத்தம் போடுதாக. எனக்கு ஒண்ணுமில்ல. நான் ஒங்க கூடத்தான் இத்தன நாளும் சாப்பிட்டேன். அவுகதான்..."

"வீட்டுக்குப் போங்க மதினி."

"தண்ணியாவது எடுத்து வச்சுட்டுப் போறேன்."

குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வாசற்படியில் வைத்தாள். உள்ளே வரவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஞானம்பாள் ஒற்றை ஆளாக உலை வைத்தாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் அளந்து போட்டாள். குறைத்துப் போட அவளுக்குக் கை வரவில்லை. அன்றைக்குப் பருப்பு நன்றாகக் குழைந்தது. முருங்கைக்கீரை போட்டாள். கடுகு தாளித்த வாசனை வகுப்பறை வரைக்கும் போயிருக்கும்.

மணி அடித்தது. பிள்ளைகள் வெளியே வந்தார்கள். பாதிப் பேர் வீட்டுக்கு ஓடினார்கள். மற்றவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த தூக்குச் சட்டியைத் திறந்து வராந்தாவில் உட்கார்ந்தார்கள். வழக்கமாக வரிசை போடுகிற இடத்தில் யாரும் இல்லை. மருந்து கொடுப்பவரின் மகன் மட்டும் பழக்கத்தில் தட்டை எடுத்துக்கொண்டு நாலடி வந்தான். அவன் அக்காள் கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

அப்புறம் விஜயஸ்ரீ வந்தாள்.

தட்டைக் கழுவிக்கொண்டு வந்து, வரிசையில் தான் எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் ஆள் இருப்பதுபோலக் கால்களை ஒடுக்கிக்கொண்டாள். வராந்தாவில் பேச்சு நின்றது. ஜன்னலில் முகங்கள் தெரிந்தன.

ஞானம்பாள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பரிமாறினாள்.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம் போடு."

வீட்டில் அவள் இரண்டாவது தடவை கேட்டதே இல்லை. பசி தெரியாத பிள்ளை. ஞானம்பாள் இன்னொரு கரண்டி போட்டாள்.

தலைமையாசிரியர் அறையிலிருந்து வெளியே வந்தார். நல்ல மனிதர். ஞானம்பாளுக்கு வேலை கிடைக்கக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர். காலையில் ஊர்க்காரர்கள் அவரைப் பார்த்துவிட்டுப் போனது அவளுக்குத் தெரியும். அவர் படியிறங்கி வந்து, விஜயஸ்ரீ சாப்பிடுவதைப் பார்த்ததும் நின்றுவிட்டார். சொல்ல வேண்டியதை உள்ளுக்குள் சொல்லிப் பார்க்கிறவர் போல உதடு லேசாக அசைந்தது. சாப்பிடுகிற பிள்ளைக்கு முன்னால் அதைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. வெயிலிலேயே நின்றார்.

விஜயஸ்ரீ ஒருமுறை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சாப்பிட ஆரம்பித்தாள். கீரையைத் தனியாக ஒதுக்கினாள். பருக்கை பருக்கையாக எடுத்தாள். நன்றாக மென்றாள்.

தட்டு காலியானது. அவர் ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தார்.

"எம்மா" என்று விஜயஸ்ரீ தட்டை நீட்டினாள். "இன்னும் கொஞ்சம்."

அவர் மறுபடியும் நின்றார். ஞானம்பாள் அண்டாவிலிருந்து அள்ளிக்கொண்டு வந்தாள்.